துண்டு போட்ட திரை

கூட்டுச் சந்தாவில் இந்த வருஷம் சேராமல் விட்டதில் அப்பாதுரைக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான். பங்குச் சந்தைச் சேதி சொல்லும் அந்த இணையதளத்துக்கு வருஷம் ஆறாயிரம். போன வருஷம் கண்ணாயிரம், பலராமனோடு அவரும் இரண்டாயிரம் போட்டார். இந்த முறை, ‘அவங்களே கட்டட்டும், டீ குடிக்கறப்ப சொல்லாமலா போவாங்க’ என்று நழுவிக்கொண்டார்.

அன்று காலை செங்கம் ரோட்டில் கண்ணாயிரத்தின் பிரவுசிங் சென்டருக்குள் அவர் நுழைந்தபோது, இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் கண்ணாயிரம் தோளில் கிடந்த துண்டை உருவித் திரைமேல் போட்டான்.

“இன்னாடா, சாமிக்குத் திரை போடற மாதிரி போடற?”

“அதேதாண்ணா. நாங்க ஸ்பெஷல் டிக்கெட்டு, நீங்க தர்ம தரிசனம். ரெண்டு நாள் கழிச்சி சைட்டுக்காரன் எல்லாருக்கும் சும்மாவே உடறான், அப்ப வந்து பாத்துக்குங்க.”

பலராமன் புரையேறச் சிரித்தான். அப்பாதுரையும் சிரித்து வைத்தார். கீழ்பென்னாத்தூர் நிலத்தை விற்ற பணம் மொத்தமும் ஒரே சிமெண்டு கம்பெனிப் பங்கில் கிடந்தது. வைகாசியில் மகள் கவிநிலாவுக்குக் கல்யாணம். அதற்கு வேறு காசு கிடையாது.

“விளையாடாதடா. விக்கலாமா, வெச்சிருக்கலாமா? ஒரு வார்த்தை சொல்லு.”

“அந்த ஒரு வார்த்தைக்குத்தாண்ணா ஆறாயிரம்.”

சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரத்தை எடுத்து நீட்டினார். “இந்தா, சேத்துக்க.”

“கூட்டு முடிஞ்சிபோச்சி. உங்க பங்கையும் சேத்து நாங்கதான் கட்டினோம். வேணும்னா தனியா கட்டுங்க.”

“ஆறாயிரம் ஜாஸ்திப்பா.”

“அப்ப க்யூவுல நில்லுங்க,” என்றான் பலராமன்.

பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கெட்ட சேதியாக இருந்தால் சொல்லாமலா இருப்பார்கள்? கவிநிலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் கண்ணாயிரம். நிச்சயதார்த்தத்தில் பந்தி பரிமாறியவன் பலராமன். இப்படிச் சிரிக்கிறார்கள் என்றால் நல்ல சேதியாகத்தான் இருக்கும், விலை இன்னும் ஏறும். அவர் விற்கவில்லை.

மறுநாள் சந்தை சரிந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய பங்கை விற்கத்தான் ஆள் இருந்தது, வாங்க ஆள் இல்லை. பணத்தில் பாதிக்குமேல் போயிற்று.

அன்று சாயங்காலம் கண்ணாயிரமே போன் போட்டான். “வாங்கண்ணா, நடை தொறந்தாச்சி.”

துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தான். இங்கிலீஷில் இருந்ததை விரல் வைத்து, நிதானமாகத் தமிழில் சொன்னான். “சிமெண்டுப் பங்கு வெச்சிருக்கறவங்க இன்னிக்கே மொத்தத்தையும் வித்துட்டு வெளிய வந்துடுங்க.” இன்னிக்கு என்றது முந்தாநாளை.

“நீங்க?”

“அன்னிக்கே வித்துட்டோம்.”

“சொல்லியிருந்தா உனுக்கு இன்னாடா கொறைஞ்சிருக்கும்?”

“எனக்கு ஆயிரம், பலராமனுக்கு ஆயிரம். அது சந்தா கட்டினப்பவே கொறைஞ்சிபோச்சிண்ணா.”

அப்பாதுரை மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அரை மணி ஆச்சிண்ணா. பத்து ரூபா.”

திரும்பி வந்து பைக்குள் கை விட்டார். அந்த இரண்டாயிரம் மடித்தபடியே இருந்தது. ஒரு தாளை உருவி நீட்டினார்.

கண்ணாயிரம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“சில்லறை இல்லியாண்ணா?”