கல்லறைத் தோட்டம் வரைக்கும்

பின்பக்கத் திருகாணி மட்டும் பியூலாவின் கைக்கு எட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இடது காலில் மாட்டியிருந்த இரும்புக் காலிபரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்பேனர் வழுக்கியது. கூடத்தில் அப்பாவின் சவப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா அல்லாடிகினு கீற?"

வாசற்படியில் பெரியப்பா தசரதன். தம்பி ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவரான நாளிலிருந்து இந்த வீட்டுப் படி ஏறாதவர். நேற்றுக் காலை மார்வலியில் தம்பி ஜெயசீலன் போய்விட்டார் என்று ஆள் போய்ச் சொன்னதும், பாதிச் சேலையோடு தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"ஒரு மைலு போவணும். கரண்டு ஆபீசு ஜீப்பு நிக்குது. அதுல குந்திக்கோ."

"நடந்தே வரேன், பெரியப்பா."

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த கால். வேலூர் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட இரும்பு, அவள் வளர வளரப் போதாமல் போயிற்று. மின்வாரிய இன்ஜினியரான அப்பா ஒவ்வொரு கோடையிலும் அவளைத் தரையில் படுக்கவைத்து அளவெடுப்பார். கட்டத்தாளில் வரைந்துகொண்டு லேத் பட்டறைக்குப் போவார். கம்பி தயாராகும்வரை பக்கத்திலேயே நிற்பார். அம்மா இல்லாத வீட்டில், சனிக்கிழமை தோறும் அவள் முன்னால் மண்டியிட்டுத் திருகாணிகளை முடுக்குவது அவர் வேலை.

"பிள்ளைக்காக ஜெபம் பண்றதில்லையா?" என்று சபையில் ஒரு அம்மாள் கேட்டபோது, "ஜெபமும் பண்றேன், ஸ்பேனரும் புடிக்கிறேன்" என்றார்.

ஊர்வலம் கிளம்பியது. மேற்கே மேகம் கறுத்திருந்ததால் போதகர் அவசரப்படுத்தினார். பெட்டியைத் தூக்கிய லைன்மேன்கள் எட்டி நடைபோட்டார்கள். சாயப்பட்டறைத் தெருவிலேயே பியூலா பின்தங்கிவிட்டாள். பாட்டுச் சத்தம் தேய்ந்து, தறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. திருப்பத்துக்கு முன்னால், திருகாணி தளர்ந்து காலிபரின் முழங்கால் மூட்டு மடங்கிக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா!"

கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

சுவரைப் பிடித்துப் பிடித்துத் திருப்பத்தைக் கடந்தாள். டீக்கடை பெஞ்சுகளின்மேல் பெட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. லைன்மேன் வீரபாகு தோளைத் தேய்த்தபடி நின்றார்.

"ஏன் அண்ணே நிறுத்திட்டீங்க?"

"உங்க பெரியப்பா எறக்கச் சொன்னாரும்மா. பொண்ணு வராம நவுரக் கூடாதுன்னு பேஜார் பண்ணிட்டாரு."

தசரதன் நடுத்தெருவில் அவள் காலருகே குந்தினார். "அந்த இரும்ப இப்டிக் குடு." பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். அவர் திருக, இன்னும் தளர்ந்தது.

"அந்தப் பக்கம் இல்ல, பெரியப்பா."

"நூலுதான் நமக்குத் தெரியும்" என்று முனகியபடி மறுபக்கம் திருகினார். அவருக்கும் உச்சியில் அப்பாவுக்கு இருந்த அதே சுழி. பியூலா தெருக்கோடியைப் பார்த்தாள்.

மழை வரவில்லை; மேகம் கலைந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் மூன்று பிடி மண் போட்டாள். போதகர் ஜெபித்து முடித்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

"போலாமா கண்ணு?"

"கொஞ்சம் இருந்துட்டுப் போலாம்."

தசரதன் தோள் துண்டை மதில்மேல் விரித்து, "குந்து" என்றார். அவள் உட்கார்ந்ததும் தானும் சற்றுத் தள்ளி அமர்ந்தார். எதிரே ரைஸ்மில் களத்தில் இரண்டு பெண்கள் வெயில் இறங்குவதற்குள் நெல்லைக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார்கள்.