முனிரத்தினத்தின் இடது கை

1937 பிப்ரவரி, முதல் சனிக்கிழமை. ஆம்பூர் ரயில் நிலையத்தில் இரவுப் பணியை முடித்துக்கொண்டு முனிரத்தினம் வீடு வந்து சேர்ந்தபோது காலை ஏழு மணி. ஜோலார்பேட்டைக்கும் காட்பாடிக்கும் விடிய விடியத் தந்தி அடித்த கை அவருடையது. மனைவி தேவகி வெந்நீரில் உப்பைக் கரைத்துச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். வலது கையை மணிக்கட்டு வரை அதில் அமிழ்த்திக்கொண்டு அவர் சுவரில் சாய்ந்தார்.

"கொஞ்ச நேரம் படுங்களேன். போட்டி எங்கயும் ஓடிடாது."

"ஓடிடும் தேவகி. ரெண்டு சனி, ரெண்டு ஞாயிறு. அதோட சரி."

முனிரத்தினம் வீட்டிலேயே ஒரு வயர்லெஸ் நிலையம் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டவர்கள், அதில் பாட்டு வருமா என்று கேட்பார்கள். பாட்டு வராது. தந்தி அடிப்பது போலவே கீயைத் தட்ட வேண்டும். கம்பி வழியே போவதற்குப் பதிலாக அது ஆகாயத்தில் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். கேட்பதற்கு யாராவது இருந்தால் பதில் வரும். தந்தி இலாகாவிடம் முறையாக லைசென்ஸ் வாங்கி, மூன்று வருஷமாக ஒவ்வொரு பாகமாகத் தானே கட்டிய பெட்டி அது. கொல்லைப் பனைமரத்திலிருந்து கூரை மேல் நட்ட மூங்கில் வரைக்கும் ஒரு செம்புக் கம்பி ஓடியது.

லண்டனிலுள்ள ஒரு சங்கம் வருஷத்துக்கொரு முறை போட்டி நடத்தியது. உலகத்தின் வெவ்வேறு மூலைகளிலிருக்கும் நிலையங்களோடு, குறித்த நாட்களுக்குள், யார் அதிகமாகத் தொடர்பு கொள்கிறார்கள் என்பதுதான் போட்டி. முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரு நிலையத்தை ஒருவர்தான் இயக்க வேண்டும்.

முனிரத்தினத்துக்குக் கஷ்டம் பக்கத்திலிருந்த, தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வந்தது. அங்கே ஆவாரம் பட்டை அரைக்கிற இயந்திரத்தை டைனமோ வைத்து ஓட்டினார்கள். டைனமோ ஓடினால் போதும், காதில் மாட்டிய ஹெட்போனில் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இரைச்சல். ஆம்பூரில் தோல் ஷாப்புகளுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. போட்டி நடப்பதோ சனியும் ஞாயிறும்.

அந்த டைனமோவைப் பார்த்துக்கொள்கிற சர்தார் பாஷாதான் முனிரத்தினத்தின் பேட்டரிகளுக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பவர். முனிரத்தினத்தைவிட நாலைந்து வயது மூத்தவர். வெள்ளிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து தானும் ஒரு காதில் ஹெட்போனை வைத்துக் கேட்பார். முனிரத்தினத்தின் நிலையத்துக்கு இலாகா கொடுத்திருந்த அழைப்புக் குறியை மட்டும் புள்ளியும் கோடுமாக எழுதக் கற்றிருந்தார்.

"மதியம் லுஹர் தொழுகைக்கு ஒரு அரை மணி, சாயங்காலம் அஸருக்கு ஒரு அரை மணி நிறுத்துவேன். அதுக்கு மேல நிறுத்தினா மேஸ்திரி பேஜார் பண்ணுவான். அந்த நேரத்தை வெச்சிக்கோ ரத்தினம்," என்றார் சர்தார் பாஷா.

அந்த ஒரு மணி நேரமும், இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய காலைப் பொழுதும்தான் முனிரத்தினத்துக்குக் கிடைத்த போட்டி நேரம். முதல் நாள் ஆஸ்திரேலியா மூன்று, சிலோன் ஒன்று, கென்யா ஒன்று கிடைத்தது. டைனமோ நின்றவுடன் ஹெட்போனில் விழுகிற அமைதியில், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல மெல்லிய சத்தங்கள் எழும்பி வரும். அந்த நேரங்களில் அவருக்குத் தூக்கம் போன இடம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நியூசிலாந்துக்காரர் ஒருவர் அவரைக் கூப்பிட்டார். முனிரத்தினம் பதில் அடிக்கத் தொடங்கிய நாலாவது எழுத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிட்டன. மூன்று புள்ளி அடிக்க நினைத்தால் ஐந்து விழுந்தது. பிறகு எதுவுமே விழவில்லை. நியூசிலாந்துக்காரர் இரண்டு தடவை கேள்விக்குறி அனுப்பிப் பார்த்துவிட்டு வேறு யாரையோ கூப்பிடப் போய்விட்டார்.

இது புதிதல்ல. தந்திக்காரர்களுக்கு வருகிற கைப்பிடிப்பு. பதினெட்டு வருஷம் ஒரே அசைவை அசைத்த நரம்பு ஒரு நாள் இனி முடியாது என்று உட்கார்ந்துகொள்ளும். ஸ்டேஷனில் முழங்கையிலிருந்து கையைத் தூக்கித் தூக்கி அடித்து ஒரு வருஷமாகச் சமாளித்து வந்தார். ஜோலார்பேட்டைக்காரன் அடிக்கடி திருப்பி அனுப்பச் சொன்னான். ரயில்வே டாக்டருக்குத் தெரிந்தால் கீயிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்படி எடுக்கப்பட்ட இருவரை அவருக்குத் தெரியும். ஒருவர் அரக்கோணத்தில் கேட் கீப்பர்; இன்னொருவருக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை.

அதனால்தான் வீட்டில், யாருக்கும் தெரியாமல், இடது கையால் பழகிக்கொண்டிருந்தார். பெட்டியோடு இணைக்காத கீயில், சத்தம் மட்டும் தருகிற ஒரு பஸ்ஸரை மாட்டி, தினமும் அரை மணி நேரம். தேவகி ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

அடுத்த சனிக்கிழமை கீயை மேசையின் இடது பக்கத்துக்கு மாற்றி வைத்தார். இடது கை பயமில்லாமல் ஓடியது. அதற்குப் பழைய களைப்பு எதுவும் தெரியாது. இரண்டு நாளில் முப்பத்தெட்டுத் தொடர்புகள். கனடா கூடக் கிடைத்தது. ஞாயிறு மாலை ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு உடனே ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். அங்கே இடது கையால் அடித்தால் வலது கையின் கதை வெளியே வந்துவிடும். போகிற வழியில் பொங்கிவந்த சந்தோஷம், வலது கையால் கீயைத் தொட்டதும் அடங்கிப்போனது.

ஜூன் மாதம் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். அவரோடு இரண்டு வாரமும் தொடர்பு கொண்ட மூன்று நிலையங்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே விஷயத்தை எழுதியிருந்தன. முதல் வாரம் அடித்தவரும் இரண்டாம் வாரம் அடித்தவரும் ஒரே ஆள் இல்லை. ஒவ்வொருவர் தட்டுவதிலும் கையெழுத்து மாதிரி ஒரு சாயல் இருக்கும். கேட்டுப் பழகினவர்களை ஏமாற்ற முடியாது. முதலாமவர் வயதானவர், புள்ளிகளை ஒட்டி அடிக்கிறார்; இரண்டாமவர் இளைஞர் போலிருக்கிறது, சுத்தமாக அடிக்கிறார் என்று ஆஸ்திரேலியாக்காரர் எழுதியிருந்தார். விளக்கம் வரும் வரை முனிரத்தினத்தின் பட்டியல் நிறுத்திவைக்கப்படும். லைசென்ஸ் சம்பந்தப்பட்ட விஷயமென்பதால் இந்தியத் தந்தி இலாகாவுக்கும் தெரிவிக்கப்பட்டிருக்கிறது.

"நாப்பத்திரண்டு வயசுல நான் வயசானவனாம், நானே இளைஞனுமாம்," என்றார் முனிரத்தினம். தேவகி சிரிக்கவில்லை.

"உள்ளதை எழுதிப் போடுங்க."

"எழுதினா டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. அது எங்கெங்கே போய்ச் சேருமோ."

எழுதாமலே ஒரு மாதம் ஓடிப்போனது. எழுத உட்கார்ந்த நாளெல்லாம் தூக்கம் வந்தது. ஜூலையில் மெட்ராஸிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவார். லைசென்ஸ் இல்லாத யாரையாவது நிலையத்தை இயக்க விட்டிருந்தால் இருவர் மீதும் வழக்குத் தொடரப்படும். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமல்ல. மறைவாக வயர்லெஸ் வைத்திருப்பவர்களைச் சர்க்கார் அரசியல் சந்தேகத்தோடு பார்த்தது.

வியாழக்கிழமை தோல் ஷாப்புக்குப் போய், டைனமோ அறைக்குள்ளே நின்று, சர்தார் பாஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கையைப் பற்றியும் முதல் முறையாகச் சொன்னார். சுண்ணாம்பும் ஆவாரம் பட்டையும் கலந்த வாடை வாசல் வழியே அடித்தது. சர்தார் பாஷா எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா ரத்தினம், ஒரு வருஷமா எங்கிட்டயே சொல்லலையே."

"யார்கிட்டயும் சொல்லலை பாய்."

"உன் வீட்டுக்கு வந்து போறவன் நான் ஒருத்தன்தான். அவனுங்க என்னைத்தான் சந்தேகப்படுவானுங்க." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, நான்தான் தட்டினேன்னு சொல்லிடலாம். நீ தூங்கும்போது தெரியாம விளையாடினேன்னு. உனக்கு வேலை மிஞ்சும்."

"ஜெயில் பாய் அது."

"படிக்காத இஞ்சின்காரன்னு திட்டி விட்டுடுவாங்க. அப்படியே உள்ளே போட்டாலும் எத்தினி நாளைக்கு? உனக்கு வேலை போச்சுன்னா போனதுதான்."

முனிரத்தினம் உடனே வேண்டாமென்று சொல்லவில்லை. பின்னாளில் தேவகியிடம் அவர் ஒப்புக்கொண்டது அதைத்தான். அந்த நிமிஷம், சரி என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் அவருக்கு இருந்தது. மேஸ்திரி உள்ளே வந்து சர்தார் பாஷாவைக் கூப்பிட்டதால் பேச்சு அங்கேயே நின்றது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜட்கா வண்டியில் இன்ஸ்பெக்டர் ஞானாதிக்கம் வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. ரயிலிலும் வண்டியிலும் வந்த புழுதியை முகத்திலிருந்து துடைத்துக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பெட்டியைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், தொடர்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்து. புத்தகத்தின் கடைசி அட்டையில் மட்டும் கோணல்மாணலாகப் பென்சிலில் புள்ளியும் கோடுமாக அழைப்புக் குறி எழுதியிருந்தது.

"இது யார் எழுதினது?"

ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக அங்கே வந்து வாசலில் நின்றிருந்த சர்தார் பாஷா முன்னே வந்தார்.

"நான்தான் சாப்."

"உனக்கு மோர்ஸ் தெரியுமா?"

"தெரியும் சாப். அந்த ரெண்டாவது வாரம் தட்டினதும் நான்தா..."

"இல்ல சார்," என்றார் முனிரத்தினம். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "அவருக்கு அந்தக் குறியைத் தவிர ஒரு எழுத்துக் கூடத் தெரியாது. ரெண்டு வாரமும் அடிச்சது நான். என் வலது கை போய்டுச்சு சார்."

"ரத்தினம்!" என்றார் சர்தார் பாஷா.

"நீங்க சும்மா இருங்க பாய்."

இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை எடுத்து விரித்து, மேசை மேல் வைத்தார். கீயைப் பஸ்ஸரோடு மட்டும் இணைக்கச் சொன்னார். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பத்தியை அனுப்புங்க. முதல்ல வலது கை."

முனிரத்தினம் தொடங்கினார். முதல் வரி போனது. இரண்டாவது வரியில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. மூன்றாவது வரி பாதியில் விரல்கள் கவ்விக்கொண்டன. அவர் கையை எடுக்காமல் தொடர்ந்து முயன்றார். பஸ்ஸர் ஒரே நீளமாக முனகியது. தேவகி அடுக்களை வாசலிலிருந்து திரும்பிக்கொண்டாள்.

"போதும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இப்ப இடது."

இடது கை பத்தி முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பியது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தார். பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்க மட்டும் செய்தார். முடிந்ததும் லண்டன் கடிதத்தின் நகலை எடுத்து, ஆஸ்திரேலியாக்காரர் எழுதியிருந்த வரிகளை மறுபடி படித்தார்.

"நானும் இருபது வருஷம் கீயில இருந்தவன்தான்," என்றார். "என் தோஸ்த் ஒருத்தனுக்கு இப்படி ஆச்சு. அவன் குடிக்க ஆரம்பிச்சான்." பிறகு சர்தார் பாஷாவைப் பார்த்தார். "நீ சொன்ன பொய்யை நான் எழுதிக்கலை. போ."

முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "என் ரிப்போர்ட்ல ஒரே ஆள்தான்னு எழுதுவேன். காரணத்தையும் எழுதித்தான் ஆகணும், மிஸ்டர் முனிரத்தினம். ரயில்வேக்கு நானா அனுப்ப மாட்டேன். அவங்க கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

"தெரியும் சார்."

மறுநாள் முனிரத்தினம் தானாகவே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று காத்திருக்க அவருக்குத் தெம்பில்லை. டாக்டரிடம் அனுப்பினார்கள். இடது கையால் அடிப்பேன் என்றார்; அதற்கு விதி இல்லை என்றார்கள். ஒரு மாத இழுபறிக்குப் பிறகு ஆம்பூர் கூட்ஸ் ஷெட்டிலேயே குமாஸ்தா வேலை கொடுத்தார்கள். சம்பளம் குறைவு, பகல் வேலை. மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகிற தோல் கட்டுகளுக்குச் சீட்டு எழுத வேண்டும். எழுதுவதற்கு அந்த வலது கை போதுமானதாக இருந்தது.

முதல் நாள் வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு வந்து திண்டில் தலை சாய்த்தவர், மறுநாள் காலைதான் எழுந்தார். பதினெட்டு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை என்றாள் தேவகி. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள், எழுப்பிச் சோறு போடலாமா என்று யோசித்துப் பிறகு விட்டுவிட்டாள்.

லண்டனிலிருந்து பதில் செப்டம்பரில் வந்தது. இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டில் இருந்த விளக்கம் ஏற்கப்பட்டது, சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறார்கள், ஆனால் முடிவுகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன. சேர்த்திருந்தால் அவருடைய இடம் நாற்பத்து மூன்றாவதாக இருந்திருக்கும். அன்று வெள்ளிக்கிழமை. சர்தார் பாஷா கூஜாவில் டீ வாங்கி வந்திருந்தார்.

"எத்தினி பேர்ல நாப்பத்தி மூணு?"

"நூத்துப் பத்துப் பேர்ல."

"பரவால்லையே! அந்த டைனமோ மட்டும் இல்லன்னா?"

"தெரியலை பாய். முப்பதாவது வந்திருக்கலாம்."

"பேட்டரி ரெண்டையும் தூக்கினு போறேன். சார்ஜ் இறங்கிருக்கும். மூணு மாசமா நீ தொடவே இல்லையே."

முனிரத்தினம் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் தேவகி துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள். கோபமோ வருத்தமோ இல்லை. கேட்க வேண்டும் என்ற ஆசை உள்ளே எங்கோ இருப்பது தெரிந்தது. எழுந்து போய் எடுக்கிற அளவுக்கு அது இன்னும் வரவில்லை.

"இன்னிக்கு வேணாம் பாய்," என்றார். "மழைக்காலம் போகட்டும்."

சர்தார் பாஷா வற்புறுத்தவில்லை. டீயை இரண்டு தம்ளரில் ஊற்றி ஒன்றை நீட்டினார். முனிரத்தினம் அதைப் பாதி குடித்தார். அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். சர்தார் பாஷா அவர் கையிலிருந்த தம்ளரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.