முன்பே இருந்த கோளாறு

போர் தொடங்கியதும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. குண்டுவீச்சால் மனம் கலங்கினால் சிகிச்சைச் செலவு இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ‘போருக்கு முன்பே இருந்த கோளாறு நீங்கலாக’ என்று அதற்கு ஒரு வாலும் இருந்தது.

அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். குண்டு விழுந்து இடிந்த பாலத்தடியில் வண்டியோடு சிக்கி மீண்டவள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை உதறியது. பெற்ற குழந்தையைத் தூக்கவும் பயந்தாள். டாக்டரம்மாவிடம் போய்ப் பேசப் பேசத்தான் தேறினாள். போன வாரம் குழந்தையைத் தானே குளிப்பாட்டினாள். அந்தச் சிகிச்சை தொடருமா என்பதுதான் இன்றைய விசாரணை.

அண்ணனுக்கு அதே கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் வேலை. "நான் இருக்கேன்ல, நீ எதுக்குக் கவலைப்படறே?" என்றிருந்தான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

கம்பெனி வக்கீல் தொண்டையைச் செருமினார். "பதினஞ்சு வயசுல இவங்க ரொம்ப நாள் யாரோடயும் பேசாம இருந்திருக்காங்க. இது பழைய கோளாறு."

அப்பா செத்தபோது நடந்தது அது. டாக்டரிடம்கூடப் போகவில்லை, வீட்டுச் சுவரைத் தாண்டாத சங்கதி. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் அண்ணன் ஒருவன்தான்.

"அப்படி இருந்தது உண்மையா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி. அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் கையை விரித்துவிட்டார்.

வராந்தாவில் அண்ணன் தன் ஷூவைப் பார்த்தபடி நின்றான். "சொந்தக்காரங்க கிளெய்ம்னா தெரிஞ்சதை மறைக்கக் கூடாதுன்னு ரூல். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா."

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல. கேப்பாங்கன்னு நானே முந்திக்கிட்டேன்."

பாவி. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லித் தங்கை தலையில் கல்லைப் போட்டிருக்கிறான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். அவள் படியிறங்கினாள்.

மறுநாள் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுஷி. "காசு கிடக்கட்டும். நேத்து என்ன ஆச்சு, சொல்லுங்க."

"இங்க பேசறது வெளியே போகுமா டாக்டர்?"

அந்த அம்மாளுக்குப் பொய் வராது. "நானா சொல்ல மாட்டேன். கம்பெனி கேட்டா கொடுத்தாகணும்னு சட்டம் இருக்கு."

அவள் தலையாட்டினாள். பிறகு, தூக்கம் நன்றாக வருகிறது, பயமெல்லாம் போய்விட்டது, இனி வரவேண்டிய அவசியம் இருக்காது என்று வரிசையாகச் சொன்னாள்.

டாக்டரம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "மனசு விட்டுப் பேச வீட்டில யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்களே டாக்டர்" என்று அவள் எழுந்தாள். "எங்க அண்ணன்."