கையெழுத்திட்ட பலகை

பனிக்காலத்தின் கடைக்கூறு. முற்பகலாகியும் கதிரவன் தன் இருப்பை ஒரு வெளிறலாக மட்டுமே காட்டி நின்றான். எதிர்வீடு இருந்த இடத்தில் அதன் சாயல் இருந்தது. மரங்கள் வேரின்றி நின்றன. தெருவில் வருவோர் முதலில் குரலாய் வந்து, பின்னரே உருவாயினர். இறைவன் தான் வரைந்த உலகை ஒருமுறை அழித்துவிட்டு, மீண்டும் வரையலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தது போன்ற நாள்.

தந்தையின் அறையில் மண்டியிட்டு, மகள் நாற்பத்தாறாவது படத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அவரை முன்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மின்சார அலுவலகத்துக்காக முப்பத்தோராண்டு வீடுவீடாய் நடந்து மீட்டர் பார்த்தவர். இளமையிலேயே தூரிகையும் புதிரும் அவரைப் பற்றிக்கொண்டன. பூட்டிக் கிடந்தும் மீட்டர் ஓடிய வீடுகளை மட்டுமே வரைந்தார். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் ஒரு வினா: ‘மாடியறை மின்விசிறி யாருக்காகச் சுழன்றது?’ ‘ஏழாண்டாய் ஆளில்லை, எரிந்த விளக்கு எது?’ தெருவில் அவருக்குத் துப்பறியும் மீட்டர் என்று பெயர்.

நேற்று மாலை, மூச்சு தேய்ந்த வேளையில், அவள் கையைப் பற்றிச் சொன்னார்: “முடிஞ்ச படம் ஒன்னு இருக்கு. அதை என்கூட அனுப்பும்மா.” எதுவென்று கேட்பதற்குள் கண் மூடிவிட்டார். முடித்த படத்தில்தான் கையெழுத்திடுவேன் என்பது அவர் வாழ்நாள் நோன்பு. நாற்பத்தாறிலும் கையெழுத்தில்லை.

“கிடைச்சுதாக்கா? நாலு மணிக்கு வண்டி வந்துரும்.” தம்பி கதவுநிலையில் சாய்ந்து நின்றான்.

“எதுலயும் இல்லடா.”

“அழகா ஒன்ன எடுத்து வையேன். அப்பா எந்திரிச்சு வந்தா கேக்கப் போறாரு?”

“வந்தாலும் வருவாரு. வந்து அதுக்குப் பின்னாடியும் ஒரு கேள்வி எழுதுவாரு.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அத்தை தேநீரோடு வந்தாள். “காலைல இருந்து ஒரு வாய் தண்ணி இறங்கல உனக்கு. பிடி.”

ஆறு குவளைகள், ஒரு வெள்ளைப் பலகையின்மேல்.

“இது ஏது அத்தை?”

“தட்டு பத்தலடி. அலமாரிக்குப் பின்னாடி சும்மா கிடந்துச்சு. அண்ணன் வெள்ளையடிச்சதோட விட்டிருந்தாரு. துடைச்சுத்தான் எடுத்தேன்.”

மகள் குவளைகளை இறக்கிவிட்டுப் பலகையைத் திருப்பினாள். நடுங்கிய எழுத்தில், ‘உள்ளே இருப்பது யார்?’ அதன்கீழ் கையெழுத்து.

“ஒன்னுமே வரையலையே, எதுக்குடி கையெழுத்து?” என்றாள் அத்தை.

முன்பக்கத்தைச் சன்னலருகே சாய்த்துப் பிடித்தாள் மகள். வெண்மைமேல் வெண்மை. தூரிகைத் தடங்கள் ஓரிடத்தில் கதவுநிலைபோல் எழுந்தன. கை சற்று அசைந்ததும் கலைந்தன. பனியா, சுவரா, வெறும் பூச்சா? எந்த வீடு? இந்த வீடேயோ? எவ்வளவு நோக்கியும் விளங்கவில்லை. நடுவே பதிந்திருந்த தேநீர் வளையம் ஒன்றே ஐயமின்றித் தெரிந்தது.

“ஐயோ, கெடுத்துட்டேனே! துடைச்சுரட்டுமா?”

“வேணாம் அத்தை. துடைச்சா எது போகும், எது நிக்கும்னு தெரியல.”

வண்டி வந்தபோதும் பனி விலகவில்லை. மகள் பலகையை அவர் மார்பின்மேல், வினா அவர் பக்கமாக, வைத்தாள். வண்ணக்கறை போகாத விரல்களை ஒவ்வொன்றாய் எடுத்து அதன் விளிம்பில் சேர்த்தாள். பின்பு குனிந்து, அவர் பாதங்களில் நெற்றி பதித்து, நெடுநேரம் எழாதிருந்தாள்.

அத்தை அண்ணனின் தலைமாட்டில் நின்று, கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“போற வீட்டுல கதவு திறந்திருக்கட்டும்ணே.”