கரடி இடது காதை இழுத்தபோது

1

இது துண்டறிக்கையாகப் பிறந்திருக்க வேண்டியது. வெயில் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்" என்று முதல் வரியை முடித்தேன். இரண்டாவது வரிக்குள் ஒரு கரடி நுழைந்துவிட்டது. விரட்ட மனம் வரவில்லை.

2

நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பொம்மைக் கடை வாசலில், கரடி உடைக்குள் ஓர் ஆள்

[செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. விட்டுவிட்டேன்.]

கரடிக்கு ஒரு மனைவி உண்டு. பக்கத்துத் தையல் கடை அவளுடையது. கரடி உடையைத் தைத்தவளும் அவள்தான். முன்பக்கம் அழகாக இருக்கட்டும் என்று ஜிப்பை முதுகில் வைத்துவிட்டாள். அதைத் திறந்தால்தான் தலையையே கழற்ற முடியும். ஆகவே கரடியால் தானாகக் கரடியை விட்டு வெளியே வர முடியாது.

அதற்காக இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு. இருபது நிமிடம் ஆட்டம், பிறகு ஓய்வு. நடுவில் முடியவில்லை என்றால் கரடி இடது காதை இழுக்கும், அவள் ஓடிவந்து பின்னறைக்குக் கூட்டிப்போய்த் திறந்துவிடுவாள். குழந்தைகள் முன்னால் கரடி பேசக் கூடாது, தலையைக் கழற்றவும் கூடாது. தொழில் தர்மம்.

3

அன்று பள்ளி விடுமுறை. கூட்டத்தைப் பார்த்த குஷியில் கரடி நாற்பது நிமிடம் ஆடிவிட்டது. தலை சுற்றியது. இடது காதை இழுத்தது.

முப்பது குழந்தைகளும் தங்கள் இடது காதை இழுத்தார்கள். கரடி மறுபடி இழுத்தது. அவர்களும் இழுத்தார்கள். தையல் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். ஊரே காதை இழுத்தால் புது ஆட்டம் என்றுதானே தோன்றும்?

(முதல் பிரதியில் இங்கே "கரடி சரிந்தது, கைதட்டல் மட்டும்" என்று எழுதிப் பாதியில் அடித்தேன். ஒரு துண்டறிக்கைக்காக ஆளைக் கொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.)

4

கரடி சுவரில் சாய்ந்தது. அவளுக்குச் சிரிப்பு நின்றது. சும்மா சாய்கிற மனுஷன் இல்லை அவன். தண்ணீரும் துணியுமாக ஓடிவந்தாள்.

"பிள்ளைங்களா, கண்ணாமூச்சி! எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைப் பொத்திக்குங்க. நூறு வரைக்கும் எண்ணணும்!"

"ஒண்ணு! ரெண்டு!" என்று தெரு அதிர்ந்தது.

அவனை நிழலுக்கு இழுத்தாள். ஜிப்பை இறக்கித் தலையைத் தூக்கினாள். உள்ளே முகம் சிவந்து, வேர்வையில் குளித்திருந்தது.

"நான் யாருன்னு தெரியுதா?"

"ஜிப்பை முதுகுல வச்ச புண்ணியவதி."

(உளறியிருந்தால் இந்த வரியிலேயே ஆம்புலன்ஸை வரவழைத்திருப்பேன். நீங்களும் யோசிக்காமல் கூப்பிடுங்கள்.)

கழுத்திலும், திறந்த ஜிப் வழியே கைவிட்டு அக்குளிலும் ஈரத் துணி வைத்தாள். அட்டையால் விசிறினாள். "மடமடன்னு குடிக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா."

"காது பிஞ்சுபோற மாதிரி இழுத்தேன்டி."

"ஆட்டம்னு நெனச்சுச் சிரிச்சிட்டேங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பயம் அப்போதுதான் உறைத்தது.

5

ஒரு குட்டிப் பெண்ணுக்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஆறு தடவை பத்து எண்ணி அலுத்துப்போய்த் திரும்பிவிட்டாள். கரடி உடம்பு, மேலே மனிதத் தலை.

"அத்தை! கரடி ஒரு மாமாவ முழுங்கிடுச்சு!"

"அதான்டா செல்லம் வெளிய எடுக்கிறேன். காலு மாட்டிக்கிச்சு. வந்து ஒரு கை பிடி."

குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சிரித்தால் மூச்சு வாங்குகிறது, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை அவனுக்கு.

6

மற்றவர்கள் தொண்ணூற்று மூன்றில் இருக்கிறார்கள். கரடி வீட்டுக்குப் போய்விட்டது என்று அவள் சொல்லலாம். முழுங்கிய சங்கதியைக் குட்டியே எல்லாருக்கும் அவிழ்த்துவிடலாம். எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது, அதனால்தான் கை ஓடவில்லை. திரும்புகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனைதான்: இன்றைக்கு அந்தத் தலையை அவனுக்கு மறுபடி மாட்டக் கூடாது.

தொண்ணூற்று ஆறு.