திட்டத் தெரியாத அப்பா

குழந்தைகள் வார்டில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். முழங்கால் மக்கர் பண்ணிய பிறகுதான் வேலையை விட்டேன். இப்போதும் எங்காவது ஸ்பிரிட் வாசனை வந்தால் அந்த மூன்றாம் மாடி கண்முன் வந்து நிற்கும். சுவரோரம் பதினாறு கட்டில், பெயின்ட் உதிர்ந்த கம்பிகள், கடகடவென்று சத்தம் போடும் மருந்து வண்டி. லிஃப்ட் கிடையாது. அந்தப் படிகளைச் சபிக்காமல் நான் ஒருநாளும் ஏறியதில்லை. இன்றைக்கு ஒரே ஒரு தடவை ஏற முடியாதா என்று ஏக்கமாக இருக்கிறது.

ஏழாம் கட்டிலில் இருந்தவளை சில்வண்டு என்று கூப்பிடுவோம். நாலு வயது. காய்ச்சலிலும் வாய் ஓயாது. நெஞ்சில் சளி கட்டியதால் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அம்மாவுக்கு வீட்டில் பச்சைக் குழந்தை, அதனால் அப்பாதான் துணைக்கு இருந்தார். பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க "எந்த மாடி சார்?" என்று கேட்டுக் கேட்டு, அவருக்கு அந்த ஒரு குரல்தான் மிச்சமிருந்தது. அடுத்த கட்டில்காரர் இவர் காலை மிதித்தால்கூட இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

சேர்த்த அன்றே நான் தப்பு பண்ணினேன். மருந்து ஏற்ற அவள் கையில் ஊசி குத்த வேண்டும். ஆள் பற்றாத நேரங்களில் பெற்றவர்களையே பிடித்துக்கொள்ளச் சொல்வது எங்கள் வழக்கம். "சார், கையை அசையாம பிடிங்க" என்றேன். பிடித்தார். நரம்பு சிக்கவில்லை. மூன்று தடவை குத்தினேன். "அப்பா விடு! விடுப்பா!" என்று அவள் அலறினாள். சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாத மனுஷர், விடவில்லை.

அதோடு சில்வண்டு வாயை மூடிக்கொண்டாள். அப்பா பக்கத்தில் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் நீட்டிய பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். எங்களிடமும் ஒரு வாய் வாங்கவில்லை. இரண்டு நாள் இப்படியே போனது. டாக்டர் வந்து பார்த்தார். "நாளைக்கும் குடிக்கலைன்னா மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கால்மாட்டில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை ஊசி இருந்த இடம் வீங்கிவிட்டது. வேறு இடத்தில் குத்த வேண்டும். அவரை மருந்து அறைக்குக் கூப்பிட்டேன்.

"இந்தத் தடவை நீங்க வெளிய நில்லுங்க. நான் குத்தி முடிச்சதும் உள்ள வந்து, என்னை நல்லா திட்டிட்டு அவளைத் தூக்கிக்கோங்க."

"சிஸ்டரைத் திட்டுறதா? எனக்கு அதெல்லாம் வராதுங்க."

"லிஃப்ட் கதவை மூட விடாம ஒருத்தர் நின்னா என்ன சொல்வீங்க?"

"கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க சார்னு சொல்வேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுத்தேன்: "என் பொண்ணை விடுங்க!" மருந்து அலமாரியைப் பார்த்து ஐந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஐந்து தடவையும் முன்னால் ஒரு "தயவுசெஞ்சு" சேர்த்துக்கொண்டார்.

கூட வேலை பார்த்தவள் சில்வண்டைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. நான் பிளாஸ்திரி ஒட்டி முடிப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

"என் பொண்ணை விடுங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை.

"என்னையே பிடிக்க வெச்சீங்களே! அவ விடு விடுன்னு கத்துறா, என் கையாலயே அமுக்க வெச்சீங்களே! பெத்தவன் செய்யுற வேலையா அது?"

நாங்கள் பார்த்த ஒத்திகையில் இதெல்லாம் இல்லை.

"தப்புதான் சார். மன்னிச்சிடுங்க" என்றேன். அதுவும் ஒத்திகையில் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சில்வண்டு அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு பிளாஸ்திரி போட்ட கையையும் சேர்த்து இரண்டு கைகளையும் அவரிடம் நீட்டினாள். அப்பா மடியில் உட்கார்ந்து டம்ளர் பாலையும் காலி பண்ணினாள். சாயங்காலத்துக்குள் வாய் பழையபடி திறந்துகொண்டது. பேச்சில் பாதி, என்னைப் பற்றிய புகார்.

அதற்குப் பிறகு எந்த அப்பா அம்மாவையும் நான் பிடிக்கச் சொன்னதில்லை. ஆள் வரும்வரை காத்திருப்பேன். தாமதத்துக்காக மேலே இருப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு, போகட்டும்.

வீட்டுக்குப் போகும் நாளில் அப்பா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பழைய குரலில், "சிஸ்டருக்கு டாட்டா சொல்லும்மா" என்றார். அவளோ அவர் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு என்னை முறைத்தாள்.

"இனிமே ஊசி எடுத்துட்டு வந்தே, எங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்."

அவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். நான் பயந்ததுபோல இரண்டு அடி பின்னால் போனேன். மூன்று மாடியும் அவளை இறக்கிவிடாமலே இறங்கினார்.