தள்ளிவிட ஓர் ஆள்

...டாஷ்போர்டில் பேட்டரிக்கான சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்க, செலினா பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறாள், பின்னால் தனிஸ்லாஸ் மூச்சிரைக்கத் தள்ளுகிறார், வண்டி சரிவில் வேகம் பிடித்ததும் டிக்கியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, கிளட்சை விடு என்று அதற்கு அர்த்தம், விடுகிறாள், உலுக்கிக்கொண்டு எஞ்சின் உயிர் பெற, ஓடிவந்து இடப்பக்கக் கதவில் தொற்றி ஏறி, என்னைவிட ஒரு செல்ஃப் மோட்டார் உண்டா சொல்லு என்று கணவர் சிரிக்கிறார், கொடைக்கானலில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இறக்கம் தேடித்தான் வண்டியை நிறுத்துவார்கள், பேட்டரியை மாற்றியாயிற்று, ஆல்டர்னேட்டரையும் மாற்றியாயிற்று, வண்டி மட்டும் திருந்தவில்லை, டெலிபோன் ஆபீசில் லைன் பழுது பார்க்கிறவ நான், ஒருதரம் பாக்கட்டுமா என்று அவள் கேட்டால், வண்டி என் டிபார்ட்மென்ட்டும்மா, நீ ஸ்டியரிங்கைப் பிடி போதும் என்பார், அவர் போய் வருஷம் திரும்பிவிட்டது, தள்ள ஆளில்லாமல் வண்டி வாசலிலேயே நிற்கிறது, கொழுந்தன் வேதமுத்து வந்து, அண்ணி, நாளைக்கு இரும்புக்கடைக்காரன் வர்றான், குடுத்துருவோம், எத்தனை நாளைக்குத்தான் இதைத் துடைச்சுக்கிட்டே இருப்பீங்க என்கிறான், கொடுத்தால் மனுஷன் இன்னொரு தடவை செத்த மாதிரி அவளுக்கு, இன்னிக்கு ஒருநாள் விடுங்க தம்பி, ஒரு கை குடுங்க என்றாள்.

வேதமுத்து முனகிக்கொண்டே தள்ளிவிட, எஞ்சின் ஓட ஓட மீட்டரை வைத்துப் பார்த்தாள், ஆல்டர்னேட்டரில் பதினாலு வோல்ட், பேட்டரிக்கு வந்து சேர்வதோ பன்னிரண்டு, நடுவழியில் ஏதோ விழுங்குகிறது, எஞ்சினை அணைத்துவிட்டு எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றினாள், அடியில், இரும்பை ஒட்டி, கத்தரிப்பூ நிறம், அடப்பாவி மனுஷா, அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவளுக்குப் பிடித்த நிறமென்று வண்டிக்குத் தானே பிரஷ் பிடித்து அடித்தாரே, பானெட்டுக்குள்ளேயும் ஓர் இடம் விடாமல், உள்ள யாருங்க பாக்கப்போறா என்று கேட்டாள், நீ பாப்பே என்றார், அந்தப் பெயின்ட் மேலேயே கம்பியை வைத்து முறுக்கியிருக்கிறார், பெயின்ட்டைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும், அதற்கப்புறம்தான் இத்தனை வருஷத் தள்ளலும், கோபமா சிரிப்பா என்று தெரியாமல் அழுதுகொண்டே உப்புத்தாளால் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க இரும்பு வெளுத்தது, விரலெல்லாம் கத்தரிப்பூத் தூள், கழுவ மனசில்லை.

கம்பியை முடுக்கி, வேதமுத்துவைக் கடைசியாக ஒருமுறை தள்ளச் சொல்லி, பேட்டரி நிறையட்டும் என்று தனியாக ஏரியை நாலு சுற்றுச் சுற்றி, வேண்டுமென்றே சமதரையில் நிறுத்தி அணைத்தாள், பயமாக இருந்தது, சாவியைத் திருப்பினாள், சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து, எஞ்சின் பிடித்ததும் சுத்தமாக அணைந்தது, கிளட்சை மிதித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், டிக்கியில் இரண்டு தட்டு விழவில்லை, பின்னால் யாருக்கும் மூச்சிரைக்கவில்லை, எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, தள்ள வேண்டாங்க, ஏறுங்க என்றாள்.